பண்ணை வைத்தால் இல்லம் பிழைக்குமா? 60 பேர், 10 ஏக்கர்

கேள்வி, 4.6.2023

எங்கள் ஊரில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்று, 60 பேர் இருக்கிறார்கள். அறக்கட்டளைக்கு 10 ஏக்கர் தானமாக வந்திருக்கிறது. நெல், காய்கறி, மாடு, ஆடு, கோழி எல்லாம் வைத்துவிட்டால் இனி நன்கொடை கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று அறங்காவலர்கள் முடிவுக்கே வந்துவிட்டார்கள். எனக்குத்தான் பயம். இப்படி நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் நிஜக் கணக்கு சொல்லுங்கள்.

5.6.2023

சோறு போடும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நாங்கள் திருக்கோவிலூர் பக்கம், தென்பெண்ணைக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி. ஒன்பதரை ஏக்கர். கழனி மூணு, கொல்லை (புன்செய்) நாலு, தீவனப் புல் ஒண்ணரை, மிச்சம் கொட்டகை, களம், கிணறு, வண்டிப் பாதை. இல்லத்தில் 62 பேர். பாதி முதியவர்கள், பாதி அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள். பணியாளர் 11. நான் பஸ் டெப்போவில் 26 வருஷம் கணக்கு எழுதிவிட்டு வந்தவன், ஏர் பிடித்தவன் இல்லை. அதனால் என்னிடம் இருப்பது நோட்டு.

நோட்டைப் பார்த்தால் இல்லத்தின் தலைவலி சாப்பாடே இல்லை. சம்பளம், மாத்திரை, பெரியவர்களுக்கான டயப்பர், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வண்டி, கூரை ஒழுகினால் கூரை. இதில் ஒன்றுகூடக் கொல்லையில் முளைக்காது. எங்கள் மொத்தச் செலவில் சாப்பாடு மூன்றில் ஒரு பங்கு. பண்ணையால் தொட முடிந்தது அந்தப் பங்கை மட்டும். அதிலும் புளி, துவரம்பருப்பு, சர்க்கரை, வெங்காயம் கடையில்தான்.

அரிசிக்கு மட்டும் கவலை இல்லை. மூணு ஏக்கர், சம்பா ஒன்று நவரை ஒன்று, ஏக்கருக்கு 25 மூட்டை. வருஷத்துக்கு ஆகிவிடும்.

5.6.2023, இரவு

மேலே அரிசி பற்றி எழுதினது தப்பு. படுத்த பிறகு உறைத்தது.

இரண்டு போகமும் சேர்த்து 150 மூட்டை, மூட்டை 75 கிலோ, ஆக 11,250 கிலோ. ஆனால் அது நெல். மில்லுக்குப் போனால் நூற்றுக்கு 62, 63தான் அரிசி. ஏழு டன். 73 பேருக்கு நாளைக்கு 25 கிலோ அரிசி என்றால் வருஷத்துக்கு ஒன்பது டன்னுக்கு மேல் வேண்டும். விதைக்கு எடுத்து வைப்பதும் இந்த 150க்குள்தான். ஆக ஒன்பது மாசம். மிச்ச மூணு மாசம் கடை அரிசி.

26 வருஷம் கணக்கு எழுதினவன் என்று பெருமை வேறு அடித்திருக்கிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். உங்கள் அறங்காவலர்களும் இதே இடத்தில்தான் வழுக்குவார்கள்.

11.6.2023

மாடு பற்றிக் கேட்டிருந்தார்கள்.

எங்களிடம் 7. 'ஏழு மாடு, மாட்டுக்குப் பத்து லிட்டர், எழுபது லிட்டர்' என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாயாலேயே பெருக்கினார். ஏழும் சேர்ந்து கறக்கிற நாள் வருஷத்தில் ஒன்றுகூடக் கிடையாது. சினைக்காலம் 280 நாள். ஈனுவதற்கு முன்னால் ரெண்டு மாசம் வற்றவிட வேண்டும். ஈன்று மூணு மாசத்தில் மறுபடி சினை பிடித்தால் நம் நல்ல நேரம். சினை ஊசி ரெண்டு தடவை நிற்காமல் போனால் அந்த மாடு நாலு மாசம் சும்மா தின்னும். ஏழில் கறவையில் இருப்பது நாலு, சராசரி 8 லிட்டர், ஆக 32. சமையலறைக்கு 18 எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பால் சங்கத்தில் ஊற்றுகிறோம். சித்திரை, வைகாசியில் 32 என்பது 22க்கு இறங்கும். சங்கத்துக்கு ஊற்றினது போய், சமையலறைக்கே கணக்குப் பார்க்க வேண்டி வரும்.

தீவனத்துக்குக் கோ 4 என்கிற புல் ரகம். நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒரு தரம். புல்லை மட்டும் போட்டுப் பால் எதிர்பார்க்காதீர்கள், வரப்பெல்லாம் அகத்தியும் வேலிமசாலும் வையுங்கள். மல்லாட்டைப் பிண்ணாக்கு சொந்தமாக இருந்தால்தான் மாடு கட்டுப்படியாகும். (தெற்கத்திக்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கம் மணிலா என்றும் சொல்வோம்.) ரெண்டு ஏக்கர் மல்லாட்டை. பத்து கிலோ பருப்பு ஆட்டினால் நாலு கிலோ எண்ணெய், அஞ்சரை கிலோ பிண்ணாக்கு. எண்ணெய் அடுப்புக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணி எரிவாயுக் கலனுக்கு, கலன் கழிவு புல்லுக்கு. பயிற்சி முகாமில் இதை வட்டமாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்த வட்டத்தில் ஒரு இடத்தில் ஒருத்தர் சாணி அள்ளிக்கொண்டு நிற்கிறார், அவருக்கு மாசச் சம்பளம். அவரை மட்டும் படத்தில் போட மாட்டார்கள்.

12.6.2023

நாட்டு மாடா கலப்பினமா என்று சண்டை போடாதீர்கள். எங்களிடம் ஜெர்சி கலப்பு ஆறு, நாட்டுப் பசு ஒன்று. நாட்டுப் பசு தருவது ரெண்டு லிட்டர், உதைப்பது அதைவிட ஜாஸ்தி.

2.7.2023

பயிரைவிடப் பெரிய பிரச்சினை சமையலறை. இதை எந்த வேளாண் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

எங்கள் சமையல் அக்காவுக்குத் தேவை தினமும் ஆறு வகையில் கொஞ்சம் கொஞ்சம். பண்ணை தருவது ஒரே நாளில் 40 கிலோ வெண்டைக்காய். மறுநாளும் 40. வெண்டையை ஒருநாள் பறிக்காமல் விட்டால் முற்றிப்போகும், பறித்தால் அக்கா முகம் முற்றிப்போகும். போன வருஷம் தை, மாசி முழுக்கக் கத்தரிக்காய். கூட்டு, பொரியல், குழம்பு, கொத்சு. ஒரு பாட்டி தட்டைத் தள்ளிவிட்டு 'இத விதைச்சவனைக் கூப்புடு' என்றார். போய் நின்றேன்.

இதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை. பிறந்த நாள், திதி, கல்யாண நாள் என்று அன்னதானம் செய்ய வருகிறவர்கள் பிரியாணியோ வடை பாயசமோ கொண்டுவருகிறார்கள். புண்ணியம் அவர்களுக்கு. சனிக்கிழமை பறித்தது எங்கள் வாசலில் வாடும். மாட்டுக்குப் போடுவேன். கிலோ இருபது ரூபாய்க்குப் போகிற அவரைக்காயை மாடு தின்னும்போது ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள்.

இப்போது செய்வது: அக்காதான் விதைப்புக்குத் தேதி சொல்கிறார். எந்தக் காயும் எட்டு சென்ட்டுக்கு மேல் ஒரே தேதியில் விதைப்பதில்லை, பதினைந்து நாள் விட்டு அடுத்த எட்டு சென்ட். கீரைக்குப் பாத்தி தனி. வரப்பில் முருங்கை, வாழை. சேம்பும் கருணையும் நிறைய, காரணம் அவை மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும், அவசரப்படுத்தாது.

20.8.2023

விலைப் பிரச்சினை. முதல் வருஷம் காயை எடை போடாமலே சமையலறைக்குக் கொடுத்தோம். 'நம்ம வீட்டுக்கு நாமே எடை போடறதா?' என்றார்கள். வருஷக் கடைசியில் பண்ணைக்குச் செலவு மட்டும் நோட்டில், வரவுப் பக்கம் வெள்ளையாக. கூட்டத்தில் ஒருவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார். அவர் மேல் தப்பில்லை, நோட்டு அப்படித்தான் சொன்னது.

அன்று முதல் எடை போட்டு, விலை போட்டு, சமையலறைக்குச் சீட்டு. எந்த விலை? கமிஷன் மண்டி விலை போட்டால் பண்ணை நஷ்டம், கடை விலை போட்டால் பண்ணை லாபம். ஒரே கத்தரிக்காய்தான். உழவர் சந்தையில் பலகையில் எழுதுகிறார்களே, அந்த விலையைப் பிடித்துக்கொண்டேன்.

23.8.2023

விற்பதற்கு அனுமதி கேட்டவருக்கு: ஆடிட்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். நெல், மல்லாட்டை, காய் விற்ற பணம் விவசாய வருமானம், 1961ஆம் வருஷத்து வருமானவரிச் சட்டம் பிரிவு 10(1)ல் விலக்கு. பால், முட்டை, ஆடு விற்றது அந்தக் கணக்கில் வராது. சட்டத்தின் கண்ணுக்கு அது தொழில். அறக்கட்டளை தொழில் செய்தால் அது அறக்கட்டளையின் நோக்கத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும், கணக்குப் புத்தகம் தனியாக இருக்க வேண்டும், பிரிவு 11(4ஏ). நான் ரெண்டு வருஷம் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, அப்புறம் மூணு மாசம் உட்கார்ந்து பிரித்தேன். எண்ணெயை வெளியாருக்குக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும்.

17.9.2023

'இல்லத்தில் இருப்பவர்களையே வேலை வாங்கினால் கூலி மிச்சமாகுமே.' மூணு பேர் இதைச் சொல்லிவிட்டீர்கள். நான் இதுவரை பேசாமல் தாண்டினேன்.

எங்கள் ஆட்களில் சிலர் தாங்களாகவே வருவார்கள். மல்லாட்டை உடைக்க எப்போதும் எட்டு பத்துப் பேர். உட்கார்ந்து செய்கிற வேலை, பேசிக்கொண்டே செய்யலாம், வாய்க்கும் கொஞ்சம் போகும். முதலில் சும்மாதான் செய்தார்கள். ஊரிலிருந்து வருகிற பெண்களுக்கு மரக்கால் கணக்கில் கூலி, பக்கத்தில் உட்கார்ந்து அதே மல்லாட்டையை உடைக்கிற எங்கள் பாட்டிக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் அந்தப் பாட்டியே கேட்டார்: 'எனக்கு விரல் இல்லியா?' அடுத்த வாரம் முதல் ஒரே கூலி. கூட்டத்தில் 'சாப்பாடு போட்டு, துணி கொடுத்து, கூலியுமா?' என்று கேள்வி வந்தது. நிற்க வைத்துக் கேட்டார்கள், நின்று பதில் சொன்னேன். பாட்டி அந்தக் காசில் பொடி மட்டை வாங்குகிறார், அது அவர் இஷ்டம்.

18.9.2023

நேற்று எழுதினதில் என் பங்கு பெருமையாக வந்துவிட்டது. இதையும் சேர்த்துப் படியுங்கள். பேச்சு வராத ஒருவர், முப்பது வயசு, காலையிலிருந்து சாயங்காலம் வரை உடைத்துக்கொண்டே இருப்பார். 'எவ்வளவு ஆர்வம்' என்று நானே வந்தவர்களிடம் காட்டியிருக்கிறேன். ஒரு நாள் செவிலி அவர் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினார், தோல் உரிந்திருந்தது. அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை, நாங்கள் அதை ஆர்வம் என்று எழுதிக்கொண்டோம். இப்போது யாராக இருந்தாலும் ரெண்டு மணி நேரம்தான், அப்புறம் முறத்தை எடுத்துவிடுவோம்.

கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பண்ணை ஆரம்பிக்கிறவர் ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. நாங்கள் வெளியாட்கள் நாலு பேரை வைத்திருக்கிறோம். நடவுக்கும் களைக்கும் தனி.

8.10.2023

கோதானம். பண்ணை இருக்கிறது என்று தெரிந்ததும் போன் வர ஆரம்பிக்கும். 'ஐயா, எங்க அம்மா நினைவா ஒரு பசு தானம் பண்ணணும்.' முதல் தடவை மாலை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வண்டியிலிருந்து இறங்கினது பன்னிரண்டு வயசுக் கிழம், மடி வற்றி, ஒரு கண் பூத்து. இதுவரை அப்படி நாலு. தானம் கொடுத்தவருக்கு மோட்சம், எங்களுக்கு நாளைக்கு ஆறு கிலோ வைக்கோல்.

எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா, அந்தக் காலத்து மாட்டுத் தரகர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசினவர். என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தார்: தான மாடு வந்தால் ஆறு மாச வைக்கோலும் கூட வரணும். போனில் அதைச் சொன்னதும் பாதிப்பேர் 'வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்' என்பார்கள். இன்னும் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

5.11.2023

இழையை விட்டு விலகுகிறேன், மழை, வேலை இல்லை.

சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்க ஆடு விடுவார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அதை ஒரு இடையரிடம் ஒப்படைத்து, அவர் நாள்தோறும் உழக்கு (கால் படி) நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த மந்தைக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாது, மூப்படையாது. எங்கள் ஊர்ப்பக்கக் கோயில் சுவர்களில் சோழர் எழுத்து நிறைய, பொழுது போகாதபோது விவரம் தெரிந்தவர்களைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு உழக்கு நெய்தான் முதலில் வியப்பு. 96 ஆட்டுக்கு ஒரு உழக்கு. ரொம்ப அடக்கமான எதிர்பார்ப்பு. நம் அறங்காவலர்களாக இருந்தால் குடம் கேட்டிருப்பார்கள். அரசன் காலத்து ஆளுக்குத் தெரிந்திருக்கிறது: நல்ல மாசம், கெட்ட மாசம் ரெண்டிலும் தவறாமல் வரக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் எழுத வேண்டும்.

6.11.2023

ஒருவர் கேட்டார், 'ஆடு சாகாமல் எப்படி?' செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்புவது இடையர் பொறுப்பு. கோயில் கணக்கில் ஆடு சாகவில்லை, இடையர் வீட்டில் செத்தது. அவருக்கு மிஞ்சின பாலும் குட்டியும் அதற்கான ஈடு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பண்ணையில் அந்த இடையர் யார் என்று ராத்திரி யோசித்தேன். பதில் வரவில்லை, தூக்கம் வந்துவிட்டது.

24.12.2023

பால் கொள்முதல் விலையை அரசு 3 ரூபாய் ஏற்றியிருக்கிறது, பசும்பால் 35லிருந்து 38. அறங்காவலர் ஒருவர் அடுத்த வருஷ பட்ஜெட்டில் அதற்குள் எழுதிவிட்டார். அந்த விலை கொழுப்பும் இதர சத்தும் சரியாக இருந்தால். எங்கள் பாலுக்கு மழைக்காலத்தில் பச்சைப் புல் ஜாஸ்தியாகிக் கொழுப்பு இறங்கும். பாதி நாள் முழு விலை வருவதில்லை.

14.1.2024

'ஆனந்தவனம் பாருங்கள், பாபா ஆம்தே வெறும் 14 ரூபாயும் ஒரு நொண்டிப் பசுவும் ஆறு தொழுநோயாளிகளுமாகத் தொடங்கினார், இன்று எப்படி இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (மகாராஷ்டிரத்தில் வரோரா பக்கத்தில் தொழுநோயாளிகளுக்காக அவர் தொடங்கின இல்லம்தான் ஆனந்தவனம்.) பெரிய மனிதர், கும்பிடுகிறேன். ஆனால் அங்கே நோயிலிருந்து மீண்டவர்கள் கிணறு வெட்டினார்கள், கல்லுப் பொறுக்கினார்கள். நிலத்தைத் திருத்தினவர்களுக்கே நிலம் வாழ்வு கொடுத்தது. எங்கள் 62 பேரில் மண்வெட்டி தூக்கக்கூடியவர்கள் ஆறு பேர். அதை அப்படியே எடுத்துவந்து இங்கே வைக்க முடியாது.

எனக்கு அதில் மனசில் நிற்கிற விஷயம் வேறு. அவர்கள் விளைத்த காய்கறியை வரோரா ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் வாங்கவே மாட்டேன் என்றார்கள். எங்களுக்கும் ஒரு சிறிய சாயல் உண்டு. சந்தையில் எங்கள் கீரையைப் பார்த்து ஒரு அம்மா, 'அது அந்த இல்லத்துக் கீரை' என்று இன்னொருவரிடம் மெல்லச் சொல்லி நகர்ந்தார். நல்ல கீரை. மாடு தின்றது.

19.5.2024

வெயில். சுருக்கமாக.

எரிவாயுக் கலன் 3 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். ஏழு மாட்டுச் சாணி சரியாக இருக்கும். மாசம் ரெண்டு வணிக சிலிண்டர் மிச்சம். நான் ஒன்பதரை ஏக்கரில் செய்ததிலேயே ஏமாற்றாத ஒரே பொருள் இதுதான். மழைக்குளிரில் மட்டும் கொஞ்சம் சோம்பும்.

மயில்: மல்லாட்டை விதைத்த மறுநாள் வரிசையாக வந்து, நாம் எப்படி வரிசையாகப் போட்டோமோ அப்படியே வரிசையாக எடுக்கும். தேசியப் பறவை, கை வைக்க முடியாது. தகரம் தட்டுவதற்கு ஒருவர் வைத்திருக்கிறோம். அவர் எங்கள் இல்லத்துக்காரர், தகரம் தட்டுவது அவருக்கு உயிர். மயிலுக்கு ஓய்வு கொடுத்தாலும் அவர் கொடுப்பதில்லை.

கோழி 140. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து தவறவிடாதீர்கள். ஒரு தடவை தவறவிட்டேன், அதைப் பற்றி எழுத இஷ்டமில்லை.

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது எங்களுக்கு வேலை செய்தது, ஆரம்பத்திலேயே பார்த்தால். முற்றினால் டாக்டரைக் கூப்பிடுங்கள், வீம்பு வேண்டாம்.

20.5.2024

உழவர் சந்தை விலைதான் சரி என்று போன ஆகஸ்டில் எழுதியிருந்தேன். மாற்றிக்கொள்கிறேன். காய்க்கு அது சரி. அரிசிக்கும் எண்ணெய்க்கும் நாங்கள் இல்லையென்றால் இல்லம் எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கியிருக்குமோ அந்த விலை. மாட்டுக்குப் போன காய்க்கு ஒன்றும் இல்லை. அக்கா வேண்டாம் என்று திருப்பினதையும் 'சமையலறைக்கு' என்று எழுதிப் பண்ணைக்கு லாபம் காட்டிக்கொண்டிருந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

9.12.2024

பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையேறி அங்கேயே நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் மழை அவ்வளவு இல்லை என்று ஆசுவாசப்பட்டேன். தண்ணீர் மேலேயிருந்து வரும் என்று தோன்றவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து 2ஆம் தேதி விடியற்காலை வினாடிக்கு 1,68,000 கனஅடி. தென்பெண்ணை எங்கள் வேலிக்கு வந்தது, அப்புறம் வேலி தெரியவில்லை.

இல்லம் மேட்டில் இருக்கிறது, உள்ளே வரவில்லை. கொட்டகை பள்ளத்தில். அன்று விடிகிற நேரம் இருக்கும், மாட்டுத் தரகர் தாத்தா என் அறைக் கதவைத் தடியால் இடித்தார். 'கணக்குப்பிள்ள, மாடு கத்துது, கேக்கலியா?' எனக்கு மழைச் சத்தம்தான் கேட்டது. போய்ப் பார்த்தால் முழங்கால் தண்ணீர். நான் கட்டுத்தறியில் முடிச்சை அவிழ்க்கப் போனேன். ஈரக் கயிறு, அவிழவில்லை. 'அறுடா, கயிறு ரெண்டு ரூபா' என்று கத்தினார். அரிவாளால் ஏழையும் அறுத்துவிட்டோம். தான மாடு நாலில் அப்போது உயிரோடு இருந்தது ரெண்டு, அதையும். மாடு தானாக மேட்டுக்குப் போய்விட்டது, நாங்கள் ஓட்டவில்லை.

ஆட்டுப் பரண் நாலடி உயரம், போதும் என்று நினைத்தேன். ஒரு பக்கத்துக் கால் பிடுங்கிச் சாய்ந்துவிட்டது. 23ல் 9 போச்சு. கோழிக்கூண்டைத் திறக்க ஆள் போவதற்குள் முடிந்துவிட்டது, மறுநாள் மரத்தின் மேல் 31 உட்கார்ந்திருந்தது.

சம்பா பால் பிடிக்கிற நேரம். மூணு ஏக்கரும் படுத்து மேலே வண்டல். வாய்க்கால் ஓரம் அரை ஏக்கருக்கு முழங்கால் மணல். கத்தரி, வெண்டை இல்லை. கருணையும் சேம்பும் மண்ணுக்குள் இருந்தது, தோண்டி எடுத்தோம். அடுத்த நாலு நாள் இல்லத்தில் கருணைக்கிழங்குக் குழம்பு. ஒருவரும் தட்டைத் தள்ளவில்லை.

15.12.2024

நிவாரணம் கேட்டவருக்கு. அரசு அறிவித்தது: நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. எங்கள் மூணு ஏக்கருக்கு இருபதாயிரம் சொச்சம் வரும். அன்றுவரை ஏக்கருக்கே அதற்கு மேல் போட்டிருந்தேன். ஒன்பது ஆட்டில் ஏழுக்குத்தான் உடல் கிடைத்தது, எண்ண வந்தவருக்குக் காட்ட. ஆற்றோடு போன ரெண்டு ஆடும், கோழிகளும் சாவாமூவா கணக்கில் சேர்ந்துவிட்டன.

ஏழு பசுவுக்கும் காதில் தோடு போட்டு, காப்பீடு கட்டியிருந்தேன். ஏழும் பிழைத்தன. காப்பீடு இல்லாதது ஆடு.

16.12.2024

நேற்று எழுதி முடித்ததும் போன வருஷம் நவம்பரில் எழுதினதைத் திரும்பிப் படித்தேன். இடையர் யார்? இப்போது தெரிந்துவிட்டது. ஜனவரிக்கு வைத்திருந்த மாத்திரைப் பணத்தை எடுத்துத்தான் நவரைக்கு விதையும் மாட்டுக்கு வைக்கோலும் வாங்கினேன். பண்ணை இல்லத்தைத் தாங்கவில்லை, பண்ணை செத்த செலவை இல்லம் தாங்கியது. அதனால் ரெண்டு பேருக்கு வேறு கம்பெனி மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்குத்தான் அன்னம் இறங்கவில்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு, ஒன்றரை வருஷம் கழித்து என் பதில்: பண்ணைக்கென்று தனியாக ஒரு போகத்துச் செலவும் ஆறு மாசத் தீவனச் செலவும் வங்கியில் போட்டுவிட்டு, அதை இல்லம் தொடக்கூடாது, பண்ணையும் லேசில் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு முதல் மாடு வாங்குங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் பத்து ஏக்கரில் ரெண்டு ஏக்கர் மட்டும் செய்யுங்கள், கீரை, முருங்கை, கருணை, கொஞ்சம் கோழி. மிச்சத்தைக் குத்தகைக்கு விடுங்கள். 2023ல் குத்தகை என்றவரை நான் கிண்டல் செய்திருந்தேன்.

18.12.2024

கிண்டல் செய்யவில்லை, மேலே போய்ப் பார்த்தேன். மனசுக்குள் செய்திருக்கிறேன்.

16.1.2025

பொங்கல் ஆச்சு. கடை அரிசிதான். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்தது தகரக்காரர். ஒரு மாட்டுக்கு வாலுக்கும்.

வண்டல் படிந்த ரெண்டரை ஏக்கரில் நவரை நட்டாயிற்று. பயிர் கருகருவென்று இருக்கிறது, யூரியா போடவே இல்லை. ஆறு எடுத்ததில் கொஞ்சம் திருப்பித் தந்திருக்கிறது என்று எழுத நினைத்தேன், அரை ஏக்கர் மணலைப் பார்த்ததும் எழுதத் தோன்றவில்லை. மணல் அள்ள டிராக்டர் நடைக் கூலி தனி.

மிஞ்சின ஆடுகள் நாலுக்குக் குளம்பு அழுகல். சுண்ணாம்பு தூவி, காய்ந்த இடத்தில் கட்டி, மூணு சரியாகிவிட்டது.

9.3.2025

புது நோட்டு போட்டிருக்கிறேன். சங்கத்துக்கு ஊற்றுகிற லிட்டருக்கு 2 ரூபாய், சமையலறைச் சீட்டில் நூற்றுக்கு 5, விற்கிற ஆட்டில் பத்தில் ஒன்று. அட்டையில் 'சாவுக் கணக்கு' என்று எழுதினேன். கூட்டத்தில் ஒருவர் முகம் சுளித்து 'இடர்ப்பாட்டு நிதி' என்று மாற்றச் சொன்னார். தீர்மானத்தில் அப்படியே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நோட்டில் மாற்றவில்லை. இதுவரை 6,140 ரூபாய். ஒன்றரை ஆடு.

ஆட்டுப் பரணைக் கொட்டகைக்கு மேலே, இல்லத்து மேட்டோரம் கட்டினோம். வாசம் வருகிறது என்று மூணு பேர் புகார். ஜன்னலோரக் கட்டில் பாட்டி மட்டும் குட்டி கத்துவது கேட்கிறது என்று இடம் மாற மறுத்துவிட்டார்.

13.4.2025

நவரை அறுத்தாச்சு. ரெண்டரை ஏக்கர், 71 மூட்டை. மில்லுக்குப் போய் வந்த பிறகு அரிசி எவ்வளவு என்று எழுதுகிறேன், இந்தத் தடவை முன்கூட்டி எழுத மாட்டேன்.

நேற்று போன். அம்மா நினைவாகப் பசு தானம். ஆறு மாச வைக்கோல் என்றேன். 'சரிங்க' என்று வைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்று மதியம் டிராக்டரில் வைக்கோல் வந்தது, பின்னால் சின்ன யானை வண்டியில் மாடு. தாத்தா வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். 'எட்டும் தேஞ்சு போச்சு கணக்குப்பிள்ள' என்று சொல்லிவிட்டு வைக்கோலை ஒரு கை உருவி முகர்ந்தார். வைக்கோல் முதல் தரம்.

தகரக்காரர் அதற்குப் பெயர் வைத்துவிட்டார். மயில்.